படவீழ்த்தியும் பகல் வெளிச்சமும்

அரியலூர்ச் சிமெண்டு வாணிகரும் பெரம்பலூர்ச் சின்ன வெங்காய வாணிகரும் தத்தம் கணக்கை வாயாற் கூறுவதோடமையாது, வெண்திரையிற் காட்ட விரும்பும் காலம் இது. நன்று. ஆயின், அதற்குரிய புரொஜெக்டர் என்னும் படவீழ்த்தியை வாங்கப் புகுவோர், ‘எத்தனை லூமன்?’ என்னும் ஒரே கேள்வியோடு நின்றுவிடுதல் வருந்தத்தக்கது. முதற்கண் கேட்கத்தக்கது, ‘நம் மன்றத்தில் வெளிச்சம் எவ்வளவு?’ என்பதேயாம்.

காரணம் எளிது. இக்கருவி ஒளியை வீசுமேயன்றி இருளை வீசாது. திரையில் நாம் கருமையென்று காண்பது, அறையின் வெளிச்சம் பட்ட வெறுந் திரையே. சன்னல் திறந்திருப்பின் அக்கருமை வெளுக்கும். எழுத்து சாம்பல் பூக்கும். விலைப்பட்டியலில் 3 எது, 8 எது என்பது விளங்காது.

அளந்து காண்போம். எழுத்தையும் எண்ணையும் படித்து முடிவு செய்தற்கு, வெண்மையானது கருமையினும் 15 மடங்கு ஒளிர வேண்டுமென, 2011-ல் அமெரிக்காவில் வெளியான அளவுவிதியொன்று கூறும். மூலைக்கு மூலை 100 அங்குலமுள்ள அகலத்திரையின் பரப்பு ஏறத்தாழ 2.75 சதுர மீட்டர். அதன்மேல் அறையின் வெளிச்சம் 50 லக்ஸ் விழுமாயின், சுமார் 1,900 லூமன் போதும். 300 லக்ஸ் விழுமாயினோ, 11,500 லூமன் வேண்டும்! கனத்த கறுப்புச் சீலை சில ஆயிரம் ரூபாயிற் செய்து தரும் வேலைக்கு, கருவியின்மேல் லட்சக்கணக்கிற் செலவிடுவதோ?

இருளின் அருமையை நம் பக்கத்தார் முன்னரே அறிந்திருந்தனர். இவ்விரண்டு ஊர்களும் அந்நாளில் அடங்கியிருந்த திருச்சிராப்பள்ளி ஜில்லாவின் தலைநகரில், இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், 1905-ல் டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்க் கூடாரமடித்துப் படங் காட்டினார். கூடாரத்தின் இருள் அவருக்குப் பாதித் துணை. நாமோ குழல் விளக்குகளை ஏற்றி வைத்துக்கொண்டு, கருவியைக் குறை கூறுகின்றோம்.

கடையில் சொல்லப்படும் லூமனும் ஒருதன்மைத்தன்று. ஆன்ஸி அல்லது ஐ.எஸ்.ஓ. முறைப்படி அளந்ததென்று குறியாத எண்ணை நம்பலாகாது. மலிவான கருவிகள் சிலவற்றில், உள்ளே எரியும் விளக்கின் ஒளியே திரையின் ஒளிபோல் எழுதப்பட்டிருக்கும். பல்பு வைத்த கருவிக்கு ‘ஆயுள்’ என்பதும், ஒளி பாதியாய்க் குறையும் காலமேயாம். ஆகவே தேவைக்குச் சற்று மிகையாகவே கொள்க. பெருந்திரையின்மேல் ஆசையும் அடக்கத்தக்கது. 100 அங்குலத்தை 150 ஆக்கின், அதே தெளிவுக்கு 2.25 மடங்கு லூமன் வேண்டும்.

சன்னலை மூடவியலாத மன்றமெனின்? பதின்மர் கூடுமிடத்திற்குப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியே தகும். மற்றையோர், பணங் கொடுக்குமுன் கருவியை மன்றத்திற்கே வருவித்து, முற்பகல் 11 மணிக்குத் தம் சொந்தக் கணக்குத்தாளைத் திரையில் வீழ்த்தி, கடைசி வரிசையிலமர்ந்து படித்துப் பார்ப்பாராக. கடைக்காரர் காட்டும் மலர்ப்படங்கள் எக்கருவியிலும் அழகாகவே தோன்றும்.