"மக்கு" என்று சொல்வதற்கு முன்...

அரையாண்டுத் தேர்வின் ரேங்க் கார்டு வீட்டுக்கு வரும் நாள், நமது மஹல்லாக்களில் எத்தனையோ பிள்ளைகள் அடி வாங்கும் நாள். "மக்கு", "மண்டையில் களிமண்", "உனக்குப் படிப்பு ஏறாது" என்ற அர்ச்சனைகள் முதலில் வரும். பிறகு டியூஷன். டியூஷனிலும் தேறவில்லை என்றால் எட்டாவதோடு நிறுத்தி மெக்கானிக் ஷாப்பிலோ பிரியாணிக் கடையிலோ கொண்டுபோய் விட்டுவிடுவது. பதின்மூன்று வயதில் ஒரு பையனின் எதிர்காலத்தை முடிவு செய்துவிட்டு, "என்ன செய்வது, அவன் தலையெழுத்து" என்று கையை உதறிவிட்டுப் போகிறோம்!

அந்தப் பையனைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கடைக்கு அனுப்பினால் பாக்கிக் காசைப் பைசா பிசகாமல் கொண்டுவருகிறான். கிரிக்கெட் ஸ்கோரை ஓவர் ஓவராக ஒப்பிக்கிறான். ஆசிரியை பாடத்தை வாசித்துக் காட்டினால் கேள்விக்குப் பதிலும் சொல்கிறான். அதே பாடத்தை அவன் கையில் கொடுத்து, "நீயே படித்துச் சொல்" என்றால் மட்டும் திணறுகிறான். படித்த வரியையே மீண்டும் படிக்கிறான். பத்து நிமிடத்தில் தலைவலி என்கிறான். இவனா மக்கு?

இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெற்றோரைக் குறிவைத்து, பூந்தமல்லி தொடங்கி அம்பத்தூர், ஆவடி வரை நமது பகுதியில் இப்போது ஒரு புதிய சொல் புழங்குகிறது: "விஷன் தெரபி". அதாவது கண் பயிற்சி. சென்ற மாதம் செம்பரம்பாக்கத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஒரு தம்பதியர் நம்மைச் சந்தித்தனர். கணவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஐந்தாவது படிக்கும் மகனுக்கு நாற்பது தடவை வந்து பயிற்சி எடுத்தால் படிப்பது புரியும், ஞாபக சக்தி கூடும், மார்க் ஏறும் என்று ஓர் இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்ட வேண்டுமாம். "ஹஜ்ரத், கழுத்துச் செயினை வைக்கலாமா?" என்று அந்தத் தாயார் கேட்டார்.

கண் பயிற்சி என்றாலே ஏமாற்று வேலை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அப்படியே நம்பி நகையை அடகு வைக்கவும் முடியாது. எது உண்மை, எது ஆசை வார்த்தை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். தூரத்தில் இருப்பதைப் பார்ப்பது வேறு, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் புத்தகத்தைப் பார்ப்பது வேறு. புத்தகத்தைப் பார்க்கும்போது இரண்டு கண்களும் ஒரே நேரத்தில் மூக்குப் பக்கமாகத் திரும்ப வேண்டும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தடித்துக் கொள்ள வேண்டும். இரண்டு கண்களும் ஒன்றாகச் சொல்லுக்குச் சொல் தாவிச் சென்று, வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்தைப் பிடிக்க வேண்டும். சிலருக்குக் கண்கள் உள்பக்கம் குவிந்து நிற்பதில்லை. ஒரு கண் நழுவிவிடும். எழுத்து இரண்டாகத் தெரியும், அல்லது நீந்துவது போல் ஆடும். இதுதான் குவிப்புக் குறைபாடு. பிறந்தது முதலே அப்படித் தெரிகிற பிள்ளை, எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் போலும் என்று நினைத்து வாய் திறக்காமல் இருந்துவிடும்.

இது வெளிநாட்டுச் சமாச்சாரமும் அல்ல. டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978ல் சென்னையில் தொடங்கிய சங்கர நேத்ராலயாவில் இதற்கென்றே ஆய்வு நடந்திருக்கிறது. ஆய்வாளர் ஜமீல் ரிஸ்வானா ஹுசைன்தீனும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து 2017ல் முடிவுகளை வெளியிட்டனர். மாறுகண் இல்லாத, பார்வைக்கு எந்தக் குறையும் தெரியாத பிள்ளைகளிலேயே நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு இரு கண்களும் இணைந்து இயங்குவதில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. அதில் முதலிடம் குவிப்புக் குறைபாட்டுக்குத்தான், நூற்றுக்குச் சுமார் 17 பேர். இவர்கள் அனைவரும் படிப்பில் பின்தங்கியவர்கள் என்று அர்த்தமல்ல. ஆனால் பள்ளியில் நடக்கும் சாதாரணச் சோதனையில் இவர்களில் பலர் சிக்கவே மாட்டார்கள். அந்தச் சோதனை எப்படி நடக்கிறது? ஆறு மீட்டர் தள்ளி ஓர் அட்டையை மாட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லி, எழுத்துத் தெரிகிறதா என்று கேட்கிறார்கள். நம் பையன் கடைசி வரி வரை வாசித்துவிடுவான். "பார்வை நன்றாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கிட்டத்தில் புத்தகத்தை வைத்து, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா என்று யார் பார்த்தது?

இந்தக் குறைபாட்டுக்குப் பயிற்சி பலன் தருகிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளை நான்கு பிரிவாக்கி 12 வாரம் பயிற்சி கொடுத்து, 2008ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவரின் நேரடிக் கண்காணிப்பில் செய்து, வீட்டிலும் தொடர்ந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 73 பேருக்கு முழுக் குணமோ நல்ல முன்னேற்றமோ கிடைத்தது. வீட்டில் பென்சிலை மூக்குக்கு நேராகக் கொண்டுவரும் பயிற்சியை மட்டும் செய்தவர்களில் 43 பேர். பயிற்சி என்ற பெயரில் சும்மா ஏதோ செய்யச் சொல்லப்பட்டவர்களில் 35 பேர்! எனவே பென்சில் பயிற்சி ஒன்றே போதும் என்பதும் சரியல்ல.

இதுவரை சொன்னது கண்ணின் கதை. நோட்டீஸ் அடிப்பவர்கள் கொடுப்பதோ படிப்பைப் பற்றிய வாக்குறுதி. கண் சரியானால் படிப்பது புரியுமா?

இதே கேள்வியைத்தான் அதே ஆய்வாளர் குழுவும் கேட்டது. குவிப்புக் குறைபாடு உள்ள 9 முதல் 14 வயது வரையான 311 பிள்ளைகளுக்கு 16 வாரம் பயிற்சி. ஒரு பகுதியினருக்கு உண்மையான பயிற்சி, மற்றவர்களுக்குப் பெயரளவுப் பயிற்சி. முடிவு 2019ல் வெளியானது. உண்மையான பயிற்சி பெற்றவர்களின் கண்கள் குவியும் திறன் கூடியது. ஆனால் வாசித்துப் பொருள் புரிந்துகொள்ளும் தேர்வில் இரு சாராரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முன்னேறினார்கள். பயிற்சியில் நம்பிக்கை உள்ளவர்களே நடத்திய ஆய்வு இது. தாங்கள் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் அவர்களே அறிவித்தார்கள். இந்த நேர்மை நோட்டீஸ்களில் ஏன் இல்லை? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009லேயே கூட்டறிக்கை வெளியிட்டு, டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாட்டைக் கண் பயிற்சி தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை என்று கூறியிருந்தார்கள். கண் பயிற்சி தரும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் பலர் அந்த அறிக்கையை ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்ப்பதும் புரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்பது நமக்குப் புதிய செய்தியா? கிபி 965ல் பஸராவில் பிறந்த இப்னு ஹைதம் தமது "கிதாபுல் மனாழிர்" நூலில் இதை விளக்கியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் "அப்ஜத்" என்ற சொல்லைக் கண்டதும், எழுத்து எழுத்தாக ஆராயாமல் பழகிய முகத்தை அடையாளம் காண்பது போல் முழுச் சொல்லாகவே அறிந்துகொள்கிறார் என்கிறார். கண் கொண்டுவந்து சேர்ப்பதைப் பழகிய மனம்தான் இன்னதென்று அறிகிறது. இப்னு ஹைதமின் பெயரை மேடைக்கு மேடை முழங்குகிற நாம், நம் பிள்ளை ரேஹாலின் மீது எவ்வளவு குனிந்து ஓதுகிறது என்பதைப் பார்ப்பதில்லை!

நமது மக்தபையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வயதுப் பிள்ளை அம்மா ஜுஸ்உவைத் தடங்கலின்றி ஓதுகிறது. பா, தா, ஸா மூன்றுக்கும் புள்ளிதான் வித்தியாசம். கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று. அவ்வளவு நுணுக்கமான புள்ளிகளையும் கண் பிரித்துப் பார்க்கிறது, நாவும் சரியாக மொழிகிறது. பொருள் தெரியுமா என்றால் தெரியாது. ஏன்? அரபி மொழி தெரியாது. இதில் கண்ணின் குற்றம் என்ன இருக்கிறது? இதே நிலைதான் ஆங்கிலப் பாடத்திலும். வீட்டில் தமிழோ உருதோ பேசுகிற பிள்ளையை மூன்று வயதில் நர்சரியில் தள்ளி, ஐந்தாவதில் ஆங்கிலச் சமூகப் பாடத்தைக் கொடுத்து, "படித்தது ஏன் புரியவில்லை?" என்று அடிக்கிறோம். அவன் வாசிக்கிறான். அந்தச் சொற்களை அவன் வாழ்க்கையில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

தமிழில் மட்டும் என்ன வாழ்கிறது? 2022ம் ஆண்டின் அசர் கணக்கெடுப்பின்படி, தமிழகக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர் கூட இல்லை. கொரோனாவால் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் வரை கீழ் வகுப்புகள் மூடிக்கிடந்தது ஒரு காரணம். அதற்கு முன் 2018லும் இந்த எண்ணிக்கை பத்துப் பேர் அளவில்தான் இருந்தது. மீதிப் பேர் அனைவருக்கும் கண் கோளாறா? சரியாகக் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் காரணம். இதை மூடி மறைக்கக் கண் பயிற்சி நல்ல திரையாகிவிடக் கூடாது.

செயினைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயாரிடம், "இப்போதைக்கு வைக்காதீர்கள். முதலில் கண் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்றோம். எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி 1819 முதல் இயங்கி வருகிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் 2017ல் திறக்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. போனால் "பார்வை சரியா?" என்று மட்டும் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். "கிட்டத்தில் வைத்துப் படிக்கும்போது தலைவலி வருகிறது, வரி தவறுகிறது, இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறதா பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டுப் பார்க்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள். கிட்டப் பார்வைக்குச் சிரமப்படும் பிள்ளை சில நேரம் வெறும் கண்ணாடியிலேயே சரியாகிவிடும். அதற்கு நாற்பது தடவை எதற்கு? குவிப்புக் குறைபாடுதான் என்று பரிசோதித்து எழுதிக் கொடுத்தால் பயிற்சி எடுங்கள். எத்தனை வாரம், எதை வைத்துப் பலனை அளப்பீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். மார்க் கூடும் என்று உறுதி கொடுப்பவரிடம் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். காதையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். வகுப்பில் பாதி கேட்காத பிள்ளைக்கும் பாடம் புரியாதுதான்.

கண்ணும் காதும் நன்றாக இருந்தும் எழுத்தை ஒலியோடு சேர்க்கத் திணறினால் அது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். அதற்குத் தேவை தனிக் கவனத்துடன் எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகக் கற்றுத்தரும் ஆசிரியர். இதற்காகவே சென்னையில் 1990களின் தொடக்கத்தில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் உருவானது. 2016ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் உள்ளிட்ட சலுகைகள் உண்டு. இது நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்கிறது? மரியாதை போய்விடும், பெண் கிடைக்காது என்று சான்றிதழ் வாங்காமல் மறைக்கும் வீடுகளே நமக்குத் தெரிந்து அதிகம்.

அரசிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2009ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கானது. பிள்ளை வாசிக்கக் கற்பதோ ஒன்றாவதிலும் இரண்டாவதிலும்! தெருவுக்குத் தெரு இருக்கும் சிறு நர்சரிப் பள்ளிகள் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஆரம்ப வகுப்புகளில் கிட்டப் பார்வையையும் இரு கண்களின் இணைப்பையும் சோதிக்க வேண்டும், தனியார் பள்ளிகளையும் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்ட ஜமாஅத்துகள் இதில் முந்திக்கொண்டால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.

மனுவுக்குப் பதில் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூட மிஸ்ஸுக்கு ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நமது உஸ்தாதோ ஒவ்வொரு பிள்ளையையும் தினமும் எதிரில் உட்காரவைத்துத் தனியாக ஓதக் கேட்கிறார். எந்தப் பிள்ளை ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓதுகிறது, எது விரலை எடுத்தால் வரியைத் தொலைக்கிறது, எது கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அவர் கையில் இருக்கும் பேனாவைப் பிள்ளையின் மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவந்து, எந்த இடத்தில் அது இரண்டாகத் தெரிகிறது என்று கேட்கலாம். முகத்துக்கு வெகு முன்னாலேயே இரண்டாகிவிட்டால், அல்லது ஒரு கண் வெளிப்பக்கம் நழுவினால், ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அது போதும். ஷவ்வாலில் மக்தப் திறக்கும்போது சேர்க்கைப் படிவத்தில் இதற்கென ஒரு வரியைச் சேர்த்து, உஸ்தாத் குறித்து வைத்த பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் பட்டியலிட்டு, திங்கட்கிழமை ஜமாஅத் செலவில் ஒரு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டியது நிர்வாகிகளின் பொறுப்பு. கூடவே பிள்ளையின் தாயோ தந்தையோ வரட்டும், பள்ளி நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வரட்டும்.