டாக்டர், கை கழுவினீர்களா?

மேட்டுப்பாளையம் என்றவுடன் உங்களில் பலருக்கு ஊட்டி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப்போவது அந்த ஊரைப் பற்றியன்று. புதுச்சேரியிலும் ஒரு மேட்டுப்பாளையம் உண்டு. தொழிற்பேட்டையும், சரக்கு லாரிகள் வந்து நிற்கும் முனையமும் உள்ள இடம் அது.

அங்கே ஒரு பட்டறையில் வேலை செய்பவரின் முன்கையைத் தகட்டின் விளிம்பு ஆழமாகக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்கள் சித்தப்பா என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதுச்சேரிக்காரருக்கு ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளும் பல. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துத் தையல் போட்டாயிற்று. மூன்று நாள் காயம் ஒழுங்காக ஆறி வருகிறது. நான்காம் நாள் தையலைச் சுற்றிச் சிவக்கிறது. காய்ச்சல் அடிக்கிறது. பிறகு சீழ் வைக்கிறது.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? பட்டறையிலிருந்தா? இருக்கலாம். ஆனால் பல சமயங்களில் அது இரண்டு கட்டில் தள்ளிப் படுத்திருப்பவரின் புண்ணிலிருந்து வந்ததாக இருக்கும். கிருமிக்குக் காலும் இல்லை, சிறகும் இல்லை. யாரோ ஒருவருடைய கைதான் அதைச் சுமந்து வந்திருக்கும்.

இது எங்கோ அபூர்வமாக நடக்கும் சங்கதி என்று எண்ணிவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பணக்கார நாடுகளில் ஆஸ்பத்திரியில் சேரும் 100 நோயாளிகளில் 7 பேருக்கும், நம்முடையதைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும், அங்கே இருக்கும்போது ஒரு புதிய தொற்றாவது வந்துவிடுகிறதாம். அப்படித் தொற்றியவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார். ஒரு நோய்க்காகப் போய், வேறொரு நோயை வாங்கிக்கொண்டு வருவது என்பது இதுதான். அந்தக் கிருமிகள் சாதாரணக் கிருமிகளும் அல்ல. ஆஸ்பத்திரியிலேயே வாழ்ந்து, பலவகை மருந்துகளையும் சந்தித்துத் தப்பிப் பிழைத்தவை. ஆகவே வழக்கமான ஆன்டிபயாடிக் மருந்துகள் அவற்றிடம் பலிப்பதில்லை.

சித்தப்பாவின் கட்டிலருகே நிற்கும் நீங்கள் இதற்கு என்ன செய்ய முடியும்? ஒரு கேள்வி கேட்கலாம். காயத்தைத் தொட வரும் டாக்டரையும் நர்ஸையும் பார்த்து, "கை கழுவினீர்களா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியே வரவேற்க வேண்டும் என்பதும் என் கட்சி.

"ஐயோ, டாக்டரிடமா?" என்று நீங்கள் பின்வாங்குவது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். ஒரு பழைய கதையைப் பார்த்துவிட்டு வருவோம்.

ஜிப்மர் இருக்கிறதே, அதன் மூலத்தைத் தேடிப் போனால் பிரெஞ்சுக்காரர்கள் 1823-இல் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் கொண்டுபோய் விடும். அந்தப் பள்ளி தொடங்கிய காலத்தில் கிருமிகளால் நோய் வருகிறது என்பது உலகத்தில் எந்த மருத்துவப் பள்ளியிலும் பாடமாக இல்லை. லூயி பாஸ்டர் அப்போது கைக்குழந்தை. ஹங்கேரியில் பிறந்த இக்னாஸ் ஸெம்மல்வைஸ் விளையாட்டுச் சிறுவன்.

அந்தச் சிறுவன் வளர்ந்து, வியன்னா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் டாக்டரானார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பார்த்தார்கள். படித்தவர்கள் பார்த்த பிரிவில்தான் நோயாளிகள் நன்றாக இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள். நேர்மாறு! 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவில் 100 தாய்மார்களில் 11 பேருக்குமேல் ஜன்னி கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் 3 பேருக்கும் குறைவு.

இதை முதலில் கண்டுகொண்டவர்கள் யார் தெரியுமா? நோயாளிகள்! எந்தப் பிரிவில் சேர்ந்தால் பிழைக்கலாம் என்பது வியன்னாவின் ஏழைப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. முதற்பிரிவில் சேர்க்க வேண்டாம் என்று மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். ஆஸ்பத்திரியோ, காற்றில் ஏதோ கெடுதல், பெண்களின் மனத்தில் பயம் என்று காரணம் தேடிக்கொண்டிருந்தது. கட்டிலில் கிடந்தவளைக் கேட்டிருந்தால் பாதி விடை கிடைத்திருக்கும்.

மீதி விடை 1847 மார்ச்சில் கிடைத்தது. கொல்லெட்ஷ்கா என்ற பேராசிரியர் பிரேதப் பரிசோதனை நடக்கும்போது கத்தி பட்டுக் காயமடைந்து இறந்தார். அவர் உடலில் கண்ட மாற்றங்கள், ஜன்னியில் இறந்த தாய்மார்களிடம் கண்டவற்றை அப்படியே ஒத்திருந்தன. ஸெம்மல்வைஸுக்குச் சட்டென்று விளங்கியது. பிணங்களை அறுத்த கையோடு டாக்டர்களும் மாணவர்களும் நேரே பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணம் அறுப்பதில்லை. அந்த மே மாதம் முதல், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆக விழுந்தது. புதிய மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒரு தொட்டியும் கரைசலும்தான்.

அவரைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. டாக்டர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். "எங்கள் கைகளா சாவைக் கொண்டுவருகின்றன?" என்பது அவர்களுக்குத் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. ஸெம்மல்வைஸும் சாந்தமானவர் அல்லர். எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே எழுதினார். கடைசியில் 1865-இல் மனநோய் விடுதியில் இறந்தார்.

கணக்கு அவர் பக்கம் இருந்தது. மரியாதை எதிர்ப்பக்கம் இருந்தது. மரியாதை வென்றது, சில காலம். நாம் இன்று டாக்டரிடம் கேட்கத் தயங்குவதற்கும் அதே மரியாதைதான் காரணம் என்பதைக் கவனியுங்கள்.

இனி நம் கைகளுக்கு வருவோம். நம் தோலில் இரண்டு வகை பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு வகை நிரந்தரக் குடிகள், தோலின் ஆழத்தில் வாழ்பவை, பெரும்பாலும் சாது. மற்றொன்று வழிப்போக்கர்கள், ஒன்றைத் தொடும்போது ஏறிக்கொண்டு, இன்னொன்றைத் தொடும்போது இறங்கிக்கொள்பவை. ஆஸ்பத்திரியில் தொல்லை தருபவை அதிகமும் இந்த வழிப்போக்கர்களே. நல்ல வேளையாக இவற்றைக் கழுவி நீக்குவது எளிது.

எளிது என்றேனே, எவ்வளவு எளிது என்று வீட்டில் சோதித்துப் பாருங்கள். சிறிது தேங்காய் எண்ணெயில் மஞ்சள் தூளைக் குழைத்து இரு கைகளிலும் பூசிக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, வழக்கமாகக் கழுவுவது போலச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு கண்ணைத் திறந்து, மஞ்சள் அதிகம் தங்கியிருப்பது எங்கே என்று பாருங்கள். பெரும்பாலும் நகக்கண், விரல் இடுக்கு, கட்டை விரலின் அடி. உள்ளங்கை சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு நர்ஸ் காயத்துக்குக் கட்டுப் போடுவது உள்ளங்கையாலா? விரல் நுனியாலும் கட்டை விரலாலும்தானே!

சோப்பும் தண்ணீரும் கொண்டு சரியாகக் கழுவ 40 முதல் 60 விநாடி வேண்டும். ஆல்கஹால் கலந்த கைத்திரவமானால் 20 முதல் 30 விநாடி போதும். 2020-இல் கொரோனா வந்தபிறகு சானிட்டைசர் என்ற பெயரில் பெட்டிக்கடைவரை வந்துவிட்டதே, அதுதான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுத்தமான ஆல்கஹாலைவிட, 60 முதல் 80 சதவீதம் ஆல்கஹாலும் மீதி தண்ணீருமாக உள்ள கலவைதான் கிருமிகளை நன்றாகக் கொல்லும். கிருமியின் புரதங்களைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டியிருக்கிறது. ஆனால் கையில் இரத்தமோ அழுக்கோ தெரிந்தால் கைத்திரவம் பயன்படாது. சோப்பும் தண்ணீருமே வேண்டும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில பாக்டீரியாக்களின் விதைத்துகள்களும் ஆல்கஹாலுக்கு மசிவதில்லை.

"இவ்வளவு தெரிந்தும் டாக்டர்களும் நர்ஸுகளும் கை கழுவுவதில்லையா?" என்று கேட்பீர்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். கணக்கைப் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் நர்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் இருபது தடவைக்கும் மேல் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய தருணங்கள் வருகின்றன. ஒவ்வொரு முறையும் குழாய்வரை நடந்து போய், கழுவித் துடைத்துத் திரும்ப ஒன்றரை நிமிடம் என்றால் மணிக்கு அரைமணி நேரம் அதற்கே போய்விடும். பிறகு நோயாளியை யார் பார்ப்பது?

ஸ்விட்சர்லாந்தின் ஜெனீவா ஆஸ்பத்திரியில் டிடியே பிட்டே என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் யோசித்தார்கள். ஊழியர்கள் குழாயைத் தேடிப் போவதற்குப் பதிலாக, கைத்திரவம் ஊழியர்களைத் தேடி வரட்டும் என்று கட்டில்தோறும் பாட்டில் வைத்தார்கள். சுவர்களில் படம் போட்டார்கள். கை கழுவ வேண்டிய தருணங்களில் உண்மையில் சுத்தம் செய்தது 1994-இல் 48 சதவீதம். 1997-இல் 66 சதவீதம். அதே காலத்தில், ஆஸ்பத்திரியில் தொற்று கண்ட நோயாளிகள் 16.9 சதவீதத்திலிருந்து 9.9 ஆகக் குறைந்தார்கள். அறுபத்தாறு என்பது பள்ளித் தேர்வில் பெரிய மதிப்பெண் இல்லை. அதற்கே இவ்வளவு பலன்!

ஆனால் மீதி முப்பத்துநான்கு தடவை? அங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. அலுத்த கை மறக்கும். பதினாறாவது நோயாளியிடம் வரும் டாக்டருக்கு முதல் நோயாளியிடம் இருந்த நினைவு இருக்காது. ஆனால் சித்தப்பாவுக்கு அவர் முதல் டாக்டர். இருவர் நினைவில் வைத்திருப்பது ஒருவர் வைத்திருப்பதைவிட நல்லதல்லவா?

கேட்பது அவமரியாதை என்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். நம் கிராமத்து வீடுகளில், வந்தவருக்குக் கைகால் கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார்கள். "நீ அழுக்காக இருக்கிறாய்" என்று சொல்வதாக எந்த விருந்தாளியாவது கோபித்துக்கொண்டதுண்டா? அது உபசாரம். அதே உபசாரத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலருகிலும் செய்யலாம். "சிஸ்டர், கைக்கு இந்த மருந்தை ஊற்றட்டுமா?" என்று பாட்டிலை நீட்டினால் போதும். கேள்வியும் கேட்டாயிற்று, மரியாதையும் போகவில்லை.

இருந்தாலும் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. நோயாளி பலவீனமானவர். கோபித்துக்கொண்டு கவனிக்காமல் விட்டுவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சுகிறார். இலவச வார்டில் படுத்திருப்பவருக்கு இந்த அச்சம் இன்னும் அதிகம். இங்கே நோயாளிக்குத் தைரியம் சொல்வதால் மட்டும் பயனில்லை. முதல் அடி ஆஸ்பத்திரிதான் எடுத்து வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2004-இல் தொடங்கிய கை கழுவும் இயக்கத்தில், 'கேட்கலாம், தவறில்லை' என்று நோயாளிகளுக்குச் சொல்லும் வாசகங்களையே பயன்படுத்தினார்கள். நம் வார்டுகளிலும் 'எங்கள் கை சுத்தமா? கேளுங்கள்' என்று தமிழில், பெரிய எழுத்தில், கட்டிலிலிருந்து பார்த்தால் தெரியும் உயரத்தில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? தலைமை டாக்டர் தாமே ஒரு நோயாளியிடம், "நான் மறந்தால் ஞாபகப்படுத்துங்கள்" என்று ஒரு முறை சொன்னால், கூட வரும் மாணவர்கள் ஆயுளுக்கும் மறக்கமாட்டார்கள்.

கையுறை மாட்டியிருக்கிறாரே, கேட்க வேண்டுமா என்றால், அப்போதும் கேட்கலாம். ஒரு நோயாளியைத் தொட்ட கையுறையோடே அடுத்தவரைத் தொட்டால், கையுறை அணிந்தவரைத்தான் காக்கும். உங்கள் சித்தப்பாவை அன்று.

கேட்கிறவரின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும், மறக்காதீர்கள். நோயாளியைப் பார்க்க எட்டுப் பேராகப் படையெடுத்துப் போய், கட்டிலிலேயே உட்கார்ந்து, ஆரஞ்சு உரித்துக் கொடுத்து, அப்படியே பக்கத்துக் கட்டில்காரரையும் தொட்டு விசாரித்துவிட்டு வருவது நம் வழக்கம். அன்பு மிகுதிதான், ஆனால் வழிப்போக்கருக்கு அதைவிட நல்ல வண்டி கிடைக்காது. கட்டில் கம்பி, செல்போன், மருந்து மேசை எல்லாமே அவை ஏறி இறங்கும் நிறுத்தங்கள். உள்ளே நுழையும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை கையைச் சுத்தம் செய்யுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று போகாதீர்கள். கட்டையும், குளுகோஸ் ஏறும் குழாயையும் தொட்டுப் பார்க்கும் ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

வார்டில் கைத்திரவம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கட்டிலருகில் இருந்தால் நல்லது. பாட்டில் காலியாக இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.