குணமானதும் மாத்திரையை நிறுத்தலாமா?

2010-ம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பஸ் வந்தது. அதில் டிக்கெட் இல்லை. கண்டக்டர் இல்லை. உள்ளே ஒரு சிறிய அறை இருந்தது. அறையில் ஒரு டெலிவிஷன். அதே பஸ்சில் மருந்து கொடுக்கும் இடமும் இருந்தது.

நோயாளியும் வீட்டாரும் அந்த அறையில் உட்கார்ந்தார்கள். சுமார் 400 கிலோ மீட்டருக்கு அப்பால், சென்னையில் இருந்த மனநோய் டாக்டர் திரையில் தோன்றினார். கேள்வி கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டார். மருந்து எழுதினார். அந்த மருந்து பஸ்சிலேயே இலவசமாகக் கிடைத்தது.

பஸ்சை அனுப்பியது "ஸ்கார்ப்" என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனம். 1984-ல் அதைச் சென்னையில் தொடங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் டாக்டர் என்று பெயர் பெற்றவர் அவர்.

பஸ்சை ஏன் கிராமத்துக்கே கொண்டுபோக வேண்டும்? நோயாளி பட்டணத்துக்கு வரக்கூடாதா?

வரலாம். ஒரு தடவை வருவார். இரண்டு தடவை வருவார். மூன்றாவது மாதம் அறுவடை வரும். பஸ் செலவுக்குப் பணம் இருக்காது. கூட வர ஆள் இருக்காது. மாத்திரை தீர்ந்துபோகும். நோய் திரும்பி வரும். மனநோய் வைத்தியம் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான்.

மாத்திரை என்ன செய்கிறது?

மனச்சிதைவு நோய் வந்தவருக்கு, யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்கும். "என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்" என்று பயப்படுவார். சோற்றில் விஷம் இருப்பதாகச் சந்தேகப்படுவார். தூக்கம் இராது. இது பேய் அல்ல, செய்வினை அல்ல. வளர்ப்பில் வந்த குற்றமும் அல்ல. சர்க்கரை நோய் போல, இரத்தக் கொதிப்பு போல, இதுவும் ஒரு நோய்.

70 ஆண்டுகளுக்கு முன்பு வரை இதற்குச் சரியான மருந்து கிடையாது. 1952-ல் பாரிஸ் நகரத்து டாக்டர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் அமைதி அடைந்தார்கள். பிறகு ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குளோசபின் என்று பல மருந்துகள் வந்தன.

மாத்திரை தொடங்கியதும் முதலில் பதற்றம் குறையும். காதில் கேட்கும் குரல் மங்க இரண்டு வாரம் ஆகலாம். ஆறு வாரமும் ஆகலாம். "நாலு நாள் சாப்பிட்டும் ஒன்றும் தெரியவில்லையே" என்று கைவிடக்கூடாது.

இது போதை தரும் மருந்து அல்ல. "பழகிவிடும், விட முடியாது" என்று பயப்பட வேண்டியது இல்லை.

குணம் வந்த பிறகுதான் ஆபத்து!

பையன் தூங்குகிறான். சாப்பிடுகிறான். வேலைக்குப் போகிறான். வீட்டுக்கு வரும் உறவினர் சொல்கிறார்: "பையனுக்குத்தான் நல்லாகிவிட்டதே, இன்னும் எதற்கு மாத்திரை?" தாயாரும் யோசிக்கிறார். ஒரு வேளை குறைகிறது. பிறகு அடியோடு நிற்கிறது.

நிறுத்திய மறுநாளே நோய் வருவதில்லை. வாரங்கள் போகும், மாதங்களும் போகும். "பார்த்தாயா, மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறான்" என்று வீடு மகிழும்போது நோய் மறுபடியும் தாக்கும். அவன் நன்றாக இருந்தது மாத்திரையினால் என்பது அப்போதுதான் புரியும். ஒவ்வொரு தடவை நோய் திரும்பும்போதும் வேலை போகிறது, படிப்பு போகிறது. பழைய நிலைக்கு வருவதும் கடினமாகிறது.

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இன்னொரு தவறு நடக்கிறது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று பெண்ணின் மாத்திரையை ஒளிக்கிறார்கள். பிறகு நிறுத்தியே விடுகிறார்கள். கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, புது வீடு எல்லாம் சேருகின்றன. நோய் வெளிப்பட்டதும் பெண் பிறந்த வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறாள். மறைத்ததால் யாருக்கு என்ன லாபம்?

முதல் தடவையாக நோய் வந்தவர்கூட, குணம் கண்ட பிறகு ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு மருந்து சாப்பிட வேண்டியிருக்கும். திரும்பத் திரும்ப வந்தவருக்கு இன்னும் அதிக காலம் வேண்டும். குறைப்பதா, நிறுத்துவதா என்பதை டாக்டரே சொல்ல வேண்டும். நிறுத்துவதானாலும் சிறிது சிறிதாகக் குறைத்தே நிறுத்துவார்கள். கர்ப்பமான பெண்ணும் தானாக நிறுத்தக்கூடாது. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

வீட்டார் கவனிக்க வேண்டியவை

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால், அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கக்கூடாது. பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். மருந்து சாப்பிடுபவர் சாராயம் தொடக்கூடாது. ஒருவருக்கு எழுதிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது.

குழம்பில் கலந்து தெரியாமல் கொடுப்பது தவறு. ஏற்கனவே சோற்றில் விஷம் என்று சந்தேகப்படுபவர், கலப்பதைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும்? சந்தேகம் உறுதியாகும். தாய் கையால் வரும் சோற்றையும் தொடமாட்டார். மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒன்றோ மாதம் ஒன்றோ போடும் ஊசி இருக்கிறது. டாக்டர் அதை நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, சம்மதம் பெற்றுப் போடலாம்.

மருந்தினால் தொல்லையும் உண்டு. அதை மறைக்கத் தேவை இல்லை. தூக்கம் வரும், வாய் உலரும், மலச்சிக்கல் ஏற்படும். சிலருக்குக் கை நடுங்கும், உடம்பு விறைக்கும். சிலரால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. அங்கும் இங்கும் நடப்பார்கள். நோய் முற்றிவிட்டதாக வீட்டார் நினைப்பார்கள். அது மருந்தின் தொல்லையாக இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார்; மருந்தை மாற்றுவார்; அல்லது நடுக்கத்துக்கு வேறு மாத்திரை தருவார்.

சில மருந்துகளால் எடை கூடும், சர்க்கரை ஏறும். ஆகவே எடையும் இரத்தச் சர்க்கரையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். குளோசபின் சாப்பிடுபவர் டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

புதுக்கோட்டை வெயில் எல்லாருக்கும் தெரியும். இந்த மருந்துகளில் பல, உடம்பு சூட்டைத் தாங்கும் சக்தியைக் குறைப்பவை. உச்சி வெயிலில் வயல் வேலை வேண்டாம். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

கடுமையான காய்ச்சல், விறைத்த உடம்பு, நினைவுத் தடுமாற்றம் மூன்றும் சேர்ந்து வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. உயிருக்கே ஆபத்து! கழுத்து அல்லது கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசி போட்டால் சரியாகிவிடும்.

சங்கிலி வேண்டாம்

2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. அங்கிருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் எல்லாரும் கல் நெஞ்சக்காரர்கள் அல்ல. வேறு வழி தெரியாத தாய் தந்தையரும் அண்ணன் தம்பிகளும் அவர்களில் உண்டு. அவர்களுடைய ஊரிலேயே மருந்தும், யோசனை சொல்ல ஓர் ஆளும் இருந்திருந்தால் அந்தச் சங்கிலி எதற்கு?

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. வைத்தியம் பெறுவது அவருடைய உரிமை என்றும் சொல்கிறது. கோவிலுக்கோ தர்காவுக்கோ போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. வேண்டுதலும் நடக்கட்டும், மாத்திரையும் நடக்கட்டும்.

ஆனால், சட்டம் மட்டும் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவராது. 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. மனநோய் மாத்திரைக்கும் அந்த வழி ஒரு கிராமமும் விடாமல் உறுதியாக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை "இல்லை" என்ற பதில் ஒரு மாதம்கூட வரக்கூடாது. ஒரு மாதம் தவறினால் ஒரு வருட உழைப்பு வீண். அந்தப் பஸ் காட்டிய பாடம் இதுதான்.

சந்தேகம் வந்தால் 14416 என்ற எண்ணுக்கு இரவிலும் பகலிலும் இலவசமாகப் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.

பையன் நன்றாக இருக்கிறானா? மகிழ்ச்சி! இன்று இரவு மாத்திரையை மறக்காமல் கொடுங்கள்.