அந்நியர் யார்?

இலங்கைத் தேர்தலில் அந்நியரின் கை புகுந்துவிட்டது என்று அரசியல்வாதிகள் கூக்குரலிடும்போதெல்லாம், கண்டிச் சீமையில் வாழும் நாம் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டியவர்களாயிருக்கிறோம். அக்கூக்குரலுக்கு முதற்பலியானவர்கள் நம் மக்களே.

2018 ஜூன் 25ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலின்போது, அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கட்டிய சீன நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து குறைந்தது 76 இலட்சம் டொலர் மகிந்த ராஜபக்சவின் பிரசாரத்தோடு தொடர்புடையவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்றும், அரசாங்க விசாரணையின் ஆவணங்களே இதைக் காட்டுகின்றன என்றும் அது எழுதிற்று. பிரசாரச் சட்டைகளுக்குப் பணம். பெண்களுக்குச் சேலை வழங்கப் பணம். ஒரு பிக்குவுக்கும் பணம்! ராஜபக்ச மறுத்தார், நிறுவனமும் மறுத்தது. குற்றம் நிரூபணமாயிற்று என்று நாம் கூறவில்லை. நிரூபிக்கவோ பொய்யென்று தள்ளவோ முழுமையான, பகிரங்கமான விசாரணை வேண்டும் என்றே கூறுகிறோம்.

நடந்தது என்ன? ராஜபக்ச அணியினர் அச்செய்திக்கு உதவிய உள்நாட்டுப் பத்திரிகையாளர்களைப் பெயர் சொல்லித் தாக்கினர். விசாரணைக் கோப்பைக் கையில் வைத்திருந்த ஆளுந்தரப்போ, அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்வதைவிட மேடைக்குக் கொண்டு செல்வதிலேயே ஊக்கங் காட்டிற்று. அத்துறைமுகத்தை 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனமொன்றிடம் ஒப்படைத்ததும் இதே அரசாங்கந்தான்! தம்மைத் தோற்கடித்தவர்கள் இந்திய உளவுத்துறையினரும் அமெரிக்கரும் நோர்வேயினருமே என்று 2015 மார்ச்சில் ராஜபக்ச முறையிட்டிருந்ததையும் இங்கே நினைவுகூரலாம். எதிராளிக்கு உதவிய அந்நியன் மட்டுமே இவர்கள் கண்ணுக்கு அந்நியன்.

எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வளவு தயக்கம் இருக்கவில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார், தலவாக்கலையில் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை வென்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணைநின்றது. ஆளும் வர்க்கம் நடுங்கிற்று. கோப்பிக் காலம் முதல் இம்மலைகளைத் திருத்தியவர்கள், லயன் அறைகளில் பிறந்து லயன் அறைகளிலேயே மாண்டவர்கள், ஒரே இரவில் இந்தியாவின் கையாட்களாயினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1949இல் திருத்தப்பட்ட தேர்தல் சட்டம் வாக்கையும் பறித்தது. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர்! எந்த நீதிமன்றம் அவர்களை விசாரித்தது? எந்தக் காசோலை அவர்களுக்கு எதிராகக் காட்டப்பட்டது?

அதே பாராளுமன்றத்தில் ஐரோப்பியருக்கு நியமன ஆசனங்கள் இருந்தன. இலண்டனில் பங்குலாபம் பிரித்த தேயிலைக் கம்பெனிகளின் செல்வாக்கை அந்நியத் தலையீடென்று கூறிய கண்டிப் பிரபு எவரும் நம் நினைவுக்கு வரவில்லை. கொழுந்து பறித்த கை அந்நியமாயிற்று. கொழுந்தை விற்றுக் கொழுத்த கை நாட்டின் நண்பனாயிற்று. பறித்த உரிமையை முழுமையாகத் திருப்பித் தர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றிவிட்டது.

இந்த வரலாறு தெரிந்தவர்களாதலால், சீன நிறுவனத்தின் மீதான குற்றச்சாட்டைச் சீன மக்கள் மீதான வெறுப்பாக மாற்ற முயல்வோருடன் நமக்கு உறவில்லை. அம்பாந்தோட்டையில் வேலை செய்த சீனத் தொழிலாளியிடம் யாரும் கணக்குக் கேட்க வேண்டியதில்லை. காசோலையில் கையொப்பமிட்டவர் யார், அதைப் பெற்றவர் யார், எந்த ஒப்பந்தத்துக்காக? இவைதாம் கேள்விகள்.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், வேட்பாளர் அந்நிய அரசுகளிடமும் நிறுவனங்களிடமும் நன்கொடை பெறுவதைத் தடுக்கிறது. நல்லது. ஆயினும் அது வருங்காலத் தேர்தல்களுக்கான சட்டம். 2015ஆம் ஆண்டுக் கோப்பை அதைக் காட்டி மூடிவிட முடியாது. அவ்வங்கி ஆவணங்களை முழுமையாகப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்குமாறு மலையகத் தொகுதிகளின் உறுப்பினர்கள், அவர்கள் எக்கட்சியினராயினும், எழுந்து கேட்க வேண்டும்.