நாற்றோடு நோயையும் விற்கலாமா?

முன்பெல்லாம் தக்காளி பயிரிடுவோர் தம் தோட்டத்திலேயே மேட்டுப்பாத்தி போட்டு நாற்று விட்டனர். நாற்றில் நோய் கண்டால் நஷ்டம் அவர் ஒருவரோடு நின்றது. இன்று பாலக்கோடு, இராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் நிழல்வலைக் குடில் அமைத்த நாற்றுப் பண்ணைகளிலிருந்தே பலரும் குழித்தட்டு நாற்று வாங்குகின்றனர். இது நல்ல வசதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு பண்ணையில் புகுந்த பாக்டீரியா நோய் ஒரே வாரத்தில் பத்து ஊர்த் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்வதும் இந்த வசதியால்தான்.

இலைப்புள்ளி நோயை எடுத்துக் கொள்வோம். இதன் கிருமி விதையில் ஒட்டிக்கொண்டே வரக்கூடியது. ஒரு தட்டில் 98 குழிகள். இருபது நாளில் இலையோடு இலை உரசத் தொடங்கிவிடும். பூவாளியாலோ ரப்பர் குழாயாலோ மேலிருந்து நீர் தெளிக்கும்போது, நோயுற்ற ஓர் இலையில் விழுந்து தெறிக்கும் துளி, பக்கத்துத் தட்டுகளுக்கும் கிருமியைக் கொண்டு போகிறது. மாலையில் நீர் விட்டாலோ இரவெல்லாம் இலை ஈரமாகவே கிடக்கும். கிருமிக்கு வேண்டியதும் அதுவே. காலையில் நீர் விட்டால் வெயில் ஏறுமுன் இலை உலர்ந்துவிடும். காசு செலவில்லாத இந்த மாற்றத்தைச் செய்யக்கூடச் சில பண்ணைகளுக்கு மனம் வரவில்லை.

புள்ளி கண்டதும் தாமிர மருந்தோடு ஸ்ட்ரெப்டோமைசின் கலந்து தெளித்து, நாற்றை அவசரமாக வண்டியேற்றி விடுவதைத்தான் கண்டிக்க வேண்டியிருக்கிறது. தாமிரம் இலையின் மேலுள்ள கிருமியைத் தாக்கும். உள்ளே புகுந்துவிட்டதை ஒன்றும் செய்யாது. ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாத இலைப்புள்ளிக் கிருமிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 1960-களிலேயே தோன்றிவிட்டன. அது மனிதரின் காசநோய்க்கும் உதவும் மருந்து. பயிர்களுக்கு அதைத் தெளிப்பதைத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டதில் வியப்பில்லை. தெளித்த நாற்று பார்வைக்குப் பச்சையாக இருக்கும். நட்டு ஒரு மழை பெய்ததும் புள்ளிகள் மீண்டும் கிளம்பும்.

ஆகவே தடுப்பு பண்ணையிலேயே தொடங்க வேண்டும். சொந்தமாக எடுத்த விதையாயின் 50 டிகிரி சென்டிகிரேடு வெந்நீரில் 25 நிமிடம் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் ஆற்றி உலர்த்தலாம். வெப்பமானி இல்லாமல் கைப்பதம் பார்த்துச் செய்யக்கூடாது; சூடு கொஞ்சம் கூடினாலும் முளைப்பு கெடும். மருந்து பூசி வரும் வீரிய ஒட்டு விதைக்கு இது வேண்டாம். திரும்பி வரும் தட்டுகளை ஒட்டிய மண், வேர் எல்லாம் போகக் கழுவிய பிறகே பிளீச்சிங் பவுடர் கரைசலில் முக்க வேண்டும். அழுக்கோடு முக்கினால் மருந்தின் வீரியம் அழுக்கிலேயே தீர்ந்துவிடும். தென்னை நார்க்கழிவு ஒவ்வொரு முறையும் புதியதாக இருக்கட்டும். இலை ஈரமாயிருக்கையில் நாற்றைத் தொடவேண்டாம். புள்ளி கண்டால் அந்தத் தட்டை மட்டுமல்ல, சுற்றியுள்ள தட்டுகளையும் அப்புறப்படுத்தி அழிக்க வேண்டும். பண்ணைக்காரருக்கு இது கசக்கும். ஆனால் ஏக்கருக்கு ஏழெட்டாயிரம் நாற்றைக் கடன் வாங்கி நட்டவனின் நஷ்டம் அதைவிடப் பெரிது.

1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம் உணவுப் பயிர்களின் நாற்றையும் விதை என்ற சொல்லுக்குள் சேர்த்தது. 1983-இல் வந்த விதைக் கட்டுப்பாட்டு ஆணை, விற்பவர் ரசீது தரவேண்டும் என்றது. அந்த ரசீதில் ரகத்தின் பெயரோடு விதையின் குவியல் எண்ணும், விதைத்த தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நோய் வந்தபின் அது விதையில் வந்ததா, பண்ணையில் வந்ததா, தோட்டத்தில் வந்ததா என்று தேடுவதற்கு அதைத் தவிர விவசாயியின் கையில் வேறு பிடிமானம் இல்லை. நாற்றுக்குப் பத்துப் பைசா குறைகிறதே என்று ரசீதில்லாமல் வாங்குவோரும் நம்மில் உண்டு. நாற்று எடுக்கப் போகும் நாளில் நாலைந்து தட்டுகளைத் தூக்கி, அடியிலைகளின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நீர் கோத்தாற்போல் கரும்புள்ளி ஒன்று தென்பட்டாலும் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.