மூன்று தோமாக்கள்

சென்னையில் சாந்தோம் என்றொரு பகுதி உண்டு. கடலோரத்தில் வெண்ணிறக் கோபுரம் உயர்த்தி நிற்கிறது அங்கே ஒரு கோயில். ஏசுவின் பன்னிரு சீடருள் ஒருவரான தோமா இங்கு வந்தார், பரங்கிமலையில் மடிந்தார், மயிலையில் அடக்கமானார் என்பது கிறித்தவர் மரபுரை. வந்தாரா, இல்லையா என்ற வழக்கை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அவர் கேட்ட கேள்வி!

செத்தவர் எழுந்தார் என்றனர் உடனிருந்தோர். தோமா தலையாட்டவில்லை. ஆணித் தழும்பைக் கண்ணால் காணவேண்டும், காயத்தைக் கையால் தொடவேண்டும், அதுவரை நம்பேன் என்றார். ஒரு கிழமை ஐயத்தோடே அவர்களிடையே இருந்தார். எவரும் அவரை விரட்டவில்லை. யோவான் எழுதிய கதைப்படி ஏசு வந்தார்; சினக்கவில்லை, சபிக்கவில்லை, தொட்டுப் பார் என்று அழைத்தார். சான்று கேட்டவனுக்குச் சான்று! காணாமலே நம்புவோரையும் அவர் பின்னர் புகழ்ந்தார். அந்தப் புகழுரையை மட்டும் பிடித்துக்கொண்டது பிரசங்க மேடை, முன்னர் நடந்ததை மறந்தது. வசதியான மறதி!

“எம் சமயம் அறிவுக்குப் பொருந்தியது, வாதிட்டு நிலைநாட்டுவோம்” என்று முன்வரும் கிறித்தவ நண்பர்களை வரவேற்கிறேன். நரகத்தைக் காட்டி மருட்டுவதினும் வாதத்துக்கு வருவது மேல். ஆனால், அறிவு மன்றம் ஏறியவர் அம்மன்றத்தின் சட்டத்துக்கு இறுதிவரை கட்டுப்படவேண்டும். முன்வாயிலில் ‘வாதம்’ என்று பலகை. நெருக்கடி வந்ததும் ‘மறைபொருள், கேளாதே’ என்று பின்வாயில் வழியே ஓட்டம்! இதுவா முறை? திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-இல் தந்த கால்டுவெல் ஒரு பாதிரியார்தாம்; சான்று மேல் சான்றாக அடுக்கியவர்தாம். சொல்லுக்குச் சான்று கேட்டால் புலமை, சொர்க்கத்துக்குச் சான்று கேட்டால் பாவமா?

13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பிறந்த துறவி, தோமா அக்குவினா. ஐந்து வழிகளால் கடவுளை நிறுவ முயன்றவர். அப்பகுதியைத் திறந்தால் முதலில் நிற்பது மறுப்பாளரின் வாதம்! எல்லையற்ற நன்மை இருக்குமானால் தீமை எப்படி வந்தது? இயற்கையைக் கொண்டே எல்லாம் விளங்குமானால் கடவுள் எதற்கு? பரபக்கம் கூறிப் பின் சுபக்கம் கூறும் சித்தியார் முறையில், எதிரியின் வாளைத் தாமே தீட்டிக் கொடுத்துப் போர் தொடங்குகிறார். அவர் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. காரணத் தொடர் ஓரிடத்தில் நின்றே தீரும் என்கிறார். அவ்விடம் இயற்கையாகவே இருக்கலாகாதோ? தீமையினின்றும் நன்மை விளைவிக்கவே ஆண்டவன் தீமைக்கு இடந்தருகிறான் என்கிறார். 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளன்று, லிஸ்பன் நகரில் தொழவந்தோர் தலைமீது கோயில்களே இடிந்து வீழ்ந்தனவே, அங்கே பிள்ளையை இழந்தவளிடம் இதைச் சொல்ல நா எழுமா? எனினும் அந்தத் துறவியை மதிக்கிறேன். எதிர்க்கட்சியின் வாதத்தை அவர் மறைக்கவில்லை. (நம் பக்கத்திலும் விவிலியத்தைப் புரட்டாமலே வீறாப்புப் பேசுவோர் உண்டு. அவரும் இதைக் கற்கலாம்.)

மூன்றாம் தோமாவுக்குக் கோயிலும் இல்லை, திருநாளும் இல்லை. தாமஸ் ஐக்கன்ஹெட், எடின்பரோப் பல்கலைக்கழக மாணவன், இருபது வயது. மூன்றும் ஒன்றும் எப்படிப் பொருந்தும் என்று நண்பரிடையே கேட்டான். இளமைத் துடுக்கில் ஏளனமும் செய்தான். கேட்ட நண்பர்களே சாட்சிக் கூண்டேறினர். வருந்தினான், உயிர்ப்பிச்சை கேட்டான். அந்நகரில் அப்போது கூடியிருந்த ஸ்காட்லாந்துத் திருச்சபைப் பேரவை, அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. சட்டத்தைக் கடுமையாக நிறைவேற்றுமாறு கோரியது. 1697 ஜனவரி 8-இல் தூக்கிலிட்டனர்!

இன்று அங்கே தூக்குமரம் இல்லை. தெய்வநிந்தனைக் குற்றத்தை ஸ்காட்லாந்தே 2021-இல் சட்டத்தினின்றும் நீக்கிவிட்டது. ஆனால், வேதபாட வகுப்பில் எழுந்து வினவும் சிறுவனுக்கு “சாத்தான் உன்னைத் தூண்டுகிறான்” என்ற விடை இன்னும் கிடைக்கிறது. முழந்தாளிட்டு மன்றாடச் சொல்கிறார்கள். அவன் கேட்டது மன்றாட்டா? விடை தெரிந்தால் கூறுங்கள். தெரியாவிடில், தெரியவில்லை என்று கூறுங்கள். ஒரு கிழமை ஐயத்தோடு இருந்தவரின் பெயரால்தானே மயிலையில் கோயில் கட்டியிருக்கிறீர்கள்!