இரும்பு மாத்திரை உயிர்காக்கும் என்பவர்களுக்கு

மனச்சோர்வு என்பதே மூளையில் இரும்புச்சத்து குறைவதுதானாம். இரும்பு மாத்திரையைப் போட்டால் தற்கொலை எண்ணம் தானாக அகன்றுவிடுமாம். மனநல மருந்தை நிறுத்திவிடலாமாம். இப்படி ஒரு கட்டுரை பரப்பப்படுகிறது. இதை நம்பி ஒருவர் மருந்தை நிறுத்தினால் போவது அவர் உயிர். அதனால்தான் இந்த எதிர்வினை.

கட்டுரையில் உண்மை கொஞ்சம் உண்டு. டோபமைன், செரட்டோனின் இரண்டையும் உருவாக்கும் நொதிகளுக்கு இரும்பு தேவை. இரும்புக் குறைபாட்டோடு சோர்வும் மனச்சோர்வும் சேர்ந்து காணப்படுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. அங்கிருந்து தற்கொலைக்கு ஒரே தாவாகத் தாவுகிறார் கட்டுரையாளர். ஆதாரம் எங்கே?

அவர் சொல்வது சரியென்றால் எண்ணிக்கை அதைக் காட்ட வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 விழுக்காட்டினருக்கு. ஆனால் 2021இல் நாட்டில் பதிவான 1,64,033 தற்கொலைகளில் 70 விழுக்காட்டுக்கும் மேல் ஆண்களுடையவை. ரத்தசோகைக்கு இரும்புக் குறைவைத் தவிர வேறு காரணங்களும் உண்டு என்று ஒதுக்கினாலும், இந்த முரணுக்கு அவரிடம் பதில் இல்லை.

இலங்கையைப் பாருங்கள். கொடிய பூச்சிக்கொல்லிகளை அடுத்தடுத்துத் தடைசெய்த அந்த நாட்டில், 1995க்குப் பிறகு தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. அத்தனை உயிர்களைக் காத்ததில் பெரும்பங்கு சட்டத்துக்கு. இரும்பு மாத்திரைக்கு அல்ல.

ரத்தப் பரிசோதனையில், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டினின் அளவைப் பார்த்து மூளையின் நிலையைச் சொல்லிவிடலாம் என்பது அடுத்த பிழை. மூளை தனக்கு வேண்டிய இரும்பை ரத்த-மூளைத் தடுப்பின் வழியே தனிக் கட்டுப்பாட்டோடு பெறுகிறது. படுத்தால் கால்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் தவிக்கவைக்கும் நோயில், ரத்தத்தில் ஃபெரிட்டின் இயல்பாக இருந்தும் மூளைத் தண்டுவடத் திரவத்தில் குறைந்திருப்பதுண்டு. உடலில் அழற்சி இருந்தால், இரும்பு குறைந்தவருக்கும் ரத்த ஃபெரிட்டின் ஏறிக் காட்டும்.

மூளையின் இரும்பை மாற்றினால் நோய் தீரும் என்ற நம்பிக்கை ஏற்கெனவே அடி வாங்கியிருக்கிறது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் கூடியிருந்த இரும்பைக் குறைக்க டெஃபெரிப்ரோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. இரும்பு குறைந்தது, நோயின் அறிகுறிகளோ, அந்த மருந்து பெறாதவர்களைவிட மோசமாயின.

மனச்சோர்வோடு வருபவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறைவு இருந்தால் இரும்பு கொடுங்கள். நல்ல மனநல மருத்துவர்கள் செய்வதும் அதுதான். ஆனால் சாகத் தோன்றுகிறது என்று ஒருவர் வாய்திறந்து சொல்லும்போது, அவரைத் தனியே விடாத துணையும் மருத்துவரும் உடனே வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். கடன், குடி, வீட்டு வன்முறை, தீராத வலி என அவரை வதைப்பதைக் காதுகொடுத்துக் கேட்க ஆள் வேண்டும். மருந்தை நிறுத்தச் சொன்ன வரியைக் கட்டுரையாளர் இன்றே, எல்லோரும் அறிய, திரும்பப் பெற வேண்டும்.